அக்காவின் அறைக்கு ஹீட்டர்

முதல் பனி விழுந்த வாரத்திலிருந்து அப்பா வீட்டையும் பேருந்து மாதிரி நடத்த ஆரம்பித்தார். அவர் பேருந்து ஓட்டுநர். வாசல் கதவு அரை நிமிடம் திறந்திருந்தால் போதும், ஏறுகிறவர்கள் ஏறுங்கள், இறங்குகிறவர்கள் இறங்குங்கள், கதவைச் சாத்த வேண்டும் என்பார். போன குளிர்காலத்தில் ஹீட்டர்களுக்கு வந்த எரிவாயு பில் அவரை நன்றாகச் சுட்டிருந்தது.

ஜன்னல்களில் பொட்டலம் கட்டுகிற குமிழித்தாளை ஒட்டினார். கிழிந்த கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, பழந்துணியைத் திணித்து, அம்மாவிடம் கொடுத்து இரு முனைகளையும் தைத்து வாங்கிக் கதவடியில் போட்டார். அதற்கு மலைப்பாம்பு என்று நான் பெயர் வைத்தேன். குளியல் வாரத்துக்கு மூன்று நாள். வெந்நீர் காலையில் ஒரே தடவை, மிச்சம் பிளாஸ்கில். எனக்கு வந்த கட்டளைதான் இனிப்பானது. வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வராமல் நூலகத்தில் போய் உட்கார வேண்டும். அங்கே சூடு இலவசம். நான் போய்ப் பார்க்கவே முடியாத நாடுகளின் நாவல்களை எடுத்து வைத்துக்கொள்வேன். இரண்டாவது அத்தியாயத்தில்தான் கால்விரல்களுக்கு உயிர் வரும்.

கடைசியாக அப்பா அக்காவின் அறையில் கை வைத்தார். ஆளில்லாத அறைக்கு எதற்கு ஹீட்டர் என்று கேட்டு, அதன் குமிழைத் திருகி மூடி, கதவைச் சாத்தி, அதன் அடியில் மலைப்பாம்பைக் கிடத்தினார்.

அக்கா கோடையில் போனவள். துறைமுக நகரத்து மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார் அப்பா, போனாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். பனி விழுந்ததும் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒருமுறை, வேறு எதையோ பேசும்போது, போகிற போக்கில் சொன்னாள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பில் வந்தது. போன வருடத்தைவிடக் கொஞ்சமும் குறையவில்லை. அப்பா அதைக் கள்ளநோட்டு போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு நாள், கண் தெரியாதவர் போலக் கையை நீட்டிக்கொண்டு, காற்று புகும் இடத்தை வீடெங்கும் தேடினார். சந்தேகம் என்மேலும் விழுந்தது. புத்தகப்புழு குளிர் தாங்காது என்றார்.

அந்த வாரம் ஒருநாள் நூலகத்தில் புத்தகங்களைச் சரிபார்ப்பதாக எங்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டார்கள். மதியம் வீட்டுக்கு வந்தேன். மலைப்பாம்பு ஓரமாகச் சுருண்டு கிடந்தது. அக்காவின் அறைக்குள் இதமான சூடு. தையல் கடையில் அரைநாள் வேலையை முடித்து வந்திருந்த அம்மா, தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா?"

அம்மா உறையின் மூலையை இழுத்துவிட்டாள். "ரூம் குளிர்ந்து போச்சுன்னா ஈர வாசன ஏறிடும்டி. வர்றவ கதவத் திறந்ததும் அதுதான் மூஞ்சில அடிக்கும். நம்மள யாரும் எதிர்பார்க்கல போலன்னு நெனச்சிப்பா."

"வர்றேன்னு சொன்னாளா?"

"வரலன்னு சொல்லலையே."

சனிக்கிழமை மாலை அப்பாவே கண்டுபிடித்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்தவர், அப்படியே நின்றார். பிறகு திறந்தார். அம்மா எதுவும் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்: நான்தான் திறந்தேன், இங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்றேன். அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புத்தகம்கூட இல்லை. கட்டிலில் சலவை விரிப்பு. படுக்க வருகிறவளுக்காக ஒரு பக்கம் மடித்துவிட்ட போர்வை.

"நல்லா படிக்கிற," என்றார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தோம். மடித்த போர்வையின் ஓரத்தைக் கையால் நீவினார். பிறகு, இந்த அறைக்குத்தான் சூடு வேண்டுமென்றால் இந்த அறை மட்டும் போதும், மற்றதையெல்லாம் சாத்துங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்றே குடி மாறினோம். கட்டில் எனக்கும் அம்மாவுக்கும், தரையில் மெத்தை போட்டு அப்பா. ஜெயித்தது அம்மாதான். ஆனால் ஆறு மாதமாக யாரும் படுக்காமல் காத்த கட்டிலில் நான் தொப்பென்று விழுந்தபோது அவள் முகம் சுருங்கியது. இரண்டே நாளில் அறையில் அப்பாவின் கோட்டு வாசனையும் என் சளித் தைலமும் நிறைந்துவிட்டன. அக்காவின் வாசனை என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்த ஒன்று எங்கேயோ போய்விட்டது. அலமாரிக்குள் தலையை விட்டு அம்மா அதைத் தேடுவதை ஒருமுறை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அம்மாவின் கைகள் பாத்திரத் தண்ணீரில் இருந்தன. நான் எழுவதற்குள் அப்பா எடுத்தார்.

"சாப்பிட்டியா?" என்றார். பதிலைக் கேட்டார். பிறகு, "எல்லாரும் உன் ரூம்லதான் இருக்கோம். மத்த ரூமுக்கெல்லாம் ஹீட்டர் இல்ல," என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, ஈரக்கையோடு ஓடிவந்த அம்மாவிடம் நீட்டினார்.

அக்கா சிரித்தாள். அப்புறம் லீவு கிடைக்கவில்லை என்றாள். வார்டு நிரம்பி வழிகிறதாம், பனி உருகினால்தான் ஆள் மாற்றுவார்களாம். அம்மா அதற்கென்ன, அதற்கென்ன என்று மூன்று தடவை சொன்னாள். யார் யார் எங்கே படுக்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள். அம்மா ஒவ்வொருவராகச் சொன்னாள். கட்டிலில் சுவரோரம் நான், மறு ஓரம் அம்மா, கீழே கதவுப் பக்கம் அப்பா.

"அப்போ நான் வந்தா?"

அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நடுவுல இடம் இருக்கு," என்றார் அப்பா, மெத்தையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி. "நெறையவே இருக்கு."

கால் நீட்டக்கூட இடமில்லை என்று நானும் சொல்லவில்லை.