நேர்ந்துவிட்ட பிள்ளை

ரிச்சர்ட்சனில் எங்கள் தெருமுனையில் ஸ்கூல் பஸ் மகள் வெண்பாவை இறக்கிவிட்டதை நானே பார்த்தேன். அதன்பிறகு ஆளைக் காணோம். கராஜ், பேக்யார்ட் எல்லாம் கத்திக்கொண்டே தேடினேன். கடைசியில் குளோசெட்டில், என் புடவைகளுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு?"

"அம்மா, டோன்ட் சென்ட் மீ அவே!"

விக்கலுக்கு நடுவே சொன்னாள். பழைய இத்தாலியில் சாம்னைட் இனம் எப்படி வந்தது என்று டீச்சர் கதை சொன்னாராம். போரில் ஜெயிக்க, அங்கிருந்த ஒரு கூட்டம் அந்த வருஷம் பிறப்பதையெல்லாம் சாமிக்கு நேர்ந்துவிட்டார்களாம். கன்றுக்குட்டிகளை வெட்டினார்கள். பிள்ளைகளையோ வளர்த்து, எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு காளையின் பின்னால் போன அந்தப் பிள்ளைகள்தான் சாம்னைட்டுகள் ஆனார்களாம்; திரும்பவே இல்லை.

"போன்ல நீ சொன்னியே, வெண்பாவப் பழனிக்கு நேந்து விட்டாச்சுன்னு!"

"அடி லூசு, அது மொட்டை போடுறதுக்குடி. முடி மட்டும்தான்."

முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஒய்?"

"நமக்கு கிரீன் கார்டு கிடைக்கணும்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஸோ வீ நெவர் கோ பேக்?"

அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நானும் அந்தப் புடவைகளுக்குள் புகுந்துகொண்டேன்.