கோதண்டத்தின் மறுப்பு

அது உயர்நிலைக் கவிதைப் பட்டறை. அம்பத்தூரில் ஒரு டுட்டோரியல் மாடியில், எண்பத்தெட்டாம் வருடம் ஞாயிறுதோறும் நடந்தது. தொடக்கநிலைப் பட்டறை என்று ஒன்று இருந்ததே இல்லை. கவிஞர் கங்காதரனைத் தேடி வந்த யாருமே தங்களைத் தொடக்கநிலை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

டைப்பிஸ்ட் நாகவல்லி எழுதி வந்ததெல்லாம் மழை, முல்லைப் பந்தல், ரயில் ஜன்னல். வலி இல்லாமல் கவிதை இல்லை என்று கங்காதரன் சொல்லிவிட்டார். வீட்டில் என்ன கஷ்டம் என்றும் கேட்டார். அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். கணவன் கோதண்டம் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான். அவள் பட்டறைக்கு வர வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை அவனே குழம்பு வைப்பான். இலக்கியத்துக்கு எந்த வகையிலும் உதவாத மனிதன்.

அடுத்த வாரக் கவிதையில் அவன் அவளை அடித்தான். முதுகில் ஐந்து விரல்களும் ஐந்து ஆறுகளாக ஓடின. பட்டறை அழுதது. பட்டறையின் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே அவள் பெயரோடு வந்தது. விற்காத பிரதிகளைக் கங்காதரன் தெருத்தெருவாக இலவசமாகக் கொடுத்தார்.

குழாயடியில் எதிர்வீட்டு அங்கம்மா கோதண்டத்தைப் பார்த்துக் காறித் துப்பினாள். கேன்டீனில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஞாயிறன்று அவனே பட்டறைக்கு வந்துவிட்டான்.

"நான் எப்ப சார் அட்ச்சேன்?"

"அது நீங்க இல்லீங்க. அது ஒரு குறியீடு."

"எங்க தெருவுல அதுக்குக் கோதண்டம்னு பேரு வச்சிட்டாங்களே சார்."

மறுப்பு வெளியிடக் கங்காதரன் பெருந்தன்மையோடு சம்மதித்தார். மனைவியை ஒருநாளும் அடித்ததில்லை என்று கோதண்டம் எழுதிக் கொடுத்தான். அடுத்த இதழில் அந்த ஒரு வாக்கியம் ஐந்து வரிகளாக உடைந்து, கடைசியில் மூன்று புள்ளிகளோடு வந்தது. பட்டறை அதை வெகுநேரம் விவாதித்து, குற்றவுணர்வின் உச்சம் என்று முடிவு செய்தது.

நாகவல்லிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, அத்தனையும் தான் இட்டுக்கட்டியது என்று சொன்னாள். நல்ல கவிஞர் தன் கவிதையை இப்படிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கங்காதரன் வருந்தினார். அதோடு அவள் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

தெருவிலும் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னாள். அங்கம்மா பொறுமையாகக் கேட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

"நீ இன்னா பண்ணுவே, பாவம். இப்டி சொல்லச் சொல்லி அவன்தான் அனுப்பிச்சிருப்பான்."

பொங்கலுக்கு முன்பே இருவரும் வேப்பம்பட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். அங்கே கவிதைப் பட்டறை எதுவும் நடக்கிறதா என்று கோதண்டம் முதலிலேயே விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தான்.