கையை நீட்டு

அந்தத் தீவு நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் கணவர் சுந்தரேஷ் எப்படிச் செத்தார் என்று அவர்கள் எழுதும்வரை அவர்கள் பெயரும் என் பேனாவில் வராது.

போன செவ்வாய்க்கிழமை மாலை மார்செல் வந்தான். அந்த நாட்டுத் தூதரகத்தில் இப்போது அதிகாரி. முன்பு டில்லியில் உதவித்தொகையில் படித்த மாணவன். சுந்தரேஷ் பயிற்சி கொடுத்த வாட்டர் போலோ அணியின் கடைசி கேப்டன். எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவன் குடித்த ரசத்துக்கு அளவில்லை. அவர் போனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாருக்கு வந்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் என் வீட்டுப் படி ஏறினான்.

"அக்கா, வெயிட் போட்டுட்டேன், ஹை நா?" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டான்.

"தின்னா ஏறும். உக்காருடா."

அச்சுக்குப் போகுமுன் திருத்தப் பார்க்கும் பிரதி ஒன்றை மேசையில் வைத்தான். அவர்களுடைய ஆண்கள் அணியின் வரலாறு, ஆங்கிலத்தில். அட்டைக்கு முதல் அணியின் போட்டோ வேண்டுமாம். அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

அந்த வரலாறு எனக்குத் தெரியும். 2007இல் அந்த நாட்டில் ஒரு நீச்சல் குளம்கூடக் கிடையாது. கடல் ஏக்கம் பிடித்த ஒன்பது மாணவர்கள் தெற்கு டில்லி கிளப் ஒன்றின் குளத்தில் வந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சக அலுவலரான சுந்தரேஷ், ஊழியர் அணியின் பழைய கோல்கீப்பர், அவர்கள் கையில் பந்தைக் கொடுத்தார். எதிரணிக்குப் புரியக்கூடாது என்று "தள்ளு", "விடாதே" என்று தமிழில் கத்தக் கற்றுக்கொடுத்தார். நான்கு வருடத்தில் அதுதான் அவர்கள் தேசிய அணி. முதல் வெளிநாட்டுப் போட்டியில் பத்தொன்பதுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அந்த இரண்டு கோலுக்காக மனிதர் காலனி முழுக்க லட்டு கொடுத்தார்.

இந்த ஆட்டத்தில் தண்ணீருக்கடியில் ஒருவரை ஒருவர் பிடித்து இழுப்பார்கள். நகம் இருந்தால் ரத்தம் வரும். அதனால் ஆட்டத்துக்கு முன் நடுவர் எல்லோருடைய நகத்தையும் பார்ப்பார். சுந்தரேஷ் இதைத் தினமும் காலையில் செய்தார். "கையை நீட்டு" என்பார், வரிசையாக நீட்டுவார்கள். விசிலோடு ஒரு நகவெட்டியும் அவர் கழுத்தில் தொங்கும். அவருடைய நகங்கள் எப்போதும் சதையோடு ஒட்டத்தான் இருக்கும்.

பிரதியைப் புரட்டினேன். பன்னிரண்டாம் பக்கத்தில், வீரர்களின் கூவல்கள் அவர்கள் மூதாதையரான படகோட்டிகளிடமிருந்து வந்தவை என்று போட்டிருந்தது.

"உங்க தாத்தா படகுல உக்காந்து 'விடாதே'ன்னு கத்தினாராடா?"

"எடிட்டர் பண்ணது அக்கா. கசம் சே, சத்தியமா நான் இல்ல."

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'பயிற்சிக்கு உதவிய உள்ளூர்க்காரர் சுந்தரேஷ் 2016இல் மாரடைப்பால் காலமானார்.'

மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் கிளப்காரர்கள் சொன்ன அதே சொல். அன்று நான் துணியை விலக்கி அவர் வலது கையைப் பார்த்தேன். நகங்கள் பெயர்ந்திருந்தன. இரண்டு விரலில் நகமே இல்லை. கழுத்துக் கயிற்றில் விசில் இருந்தது, நகவெட்டி இல்லை. குளத்தின் ஆழமான பக்கத்தில் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்துக்கு மூடி உடைந்துவிட்டது என்று அவர் கிளப்புக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். நகல்கள் என் பெட்டியில் இருக்கின்றன. அப்படிக் கடிதமே வரவில்லை என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. அணிப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

"மார்செல், கையை நீட்டு."

யோசிக்காமல் இரண்டு கையையும் நீட்டினான். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. நான் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.  நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.

"என் நிக்கர் நாடா ஹோல் உள்ள போச்சு அக்கா. வெளிய வர முடியல. சார் மூணு தடவை டைவ் பண்ணார். நகவெட்டி கத்தியால நாடா கட் பண்ணி என்னை மேல தள்ளினார். அப்புறம் சார் கை ஹோல்ல ஒட்டிடுச்சு. பம்பை ஆஃப் பண்ண முடியல, பம்ப் ரூம் சாவி வாட்ச்மேன் வீட்ல. ஏழு நிமிஷம்."

ஏழு நிமிஷம். ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாத கணக்கு.

"எம்பசில சொன்னாங்க, ஹாஸ்டல்ல இருந்தேன்னு சைன் பண்ணு, இல்லேன்னா ஊருக்கு டிக்கெட். பண்ணிட்டேன்."

"அப்போ உனக்கு இருபத்திரண்டு. பயந்தே. சரி. இருபத்தஞ்சுல? முப்பதுல? இந்தப் புஸ்தகத்துல மாரடைப்புன்னு எழுதினப்போ யாருடா டிக்கெட் காட்டினா?"

 பீரோவிலிருந்து போட்டோவை எடுத்து மேசையில் வைத்தேன். பேனாவையும் வைத்தேன்.

"நடந்ததை எழுது. போட்டோவை எடுத்துண்டு போ."

மாரடைப்பு வரியை அடித்தான். 'தண்ணீரில் சிக்கிய என்னைக் காப்பாற்றி இறந்தார்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

"எந்தத் தண்ணி? எதுல சிக்கினே? மூணு லெட்டர் யாருக்குப் போச்சு? அதையும் எழுது."

பேனாவை வைத்துவிட்டான். "ரிலீஸ் பங்க்ஷன் அந்த கிளப்லதான் அக்கா. சண்டே காலைல. அவங்க பிரசிடென்ட்தான் சீஃப் கெஸ்ட். ப்ளீஸ், சமஜ்லோ, புரிஞ்சுக்கோங்க."

அந்தக் குளத்தங்கரையிலேயே நாற்காலி போட்டு, மாலை போட்டு, மாரடைப்பு என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். நான் போட்டோவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் எழுந்து வாசலுக்குப் போனான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. அவனிடம் அதைச் சொல்லாமல் இருந்தது அன்றுதான்.

அவன் எழுதிய பக்கத்தை எடுக்க மறந்தானோ, விட்டுவிட்டுத்தான் போனானோ தெரியாது. அவன் கையெழுத்துக்குக் கீழே மிச்சத்தை நான் எழுதினேன்: கிளப்பின் பெயர், உடைந்த மூடி, மூன்று கடிதங்களின் தேதி, பம்ப் ரூம் சாவி, ஏழு நிமிஷம். கீழே ஜெராக்ஸ் கடையில் இருநூறு பிரதி எடுத்துவிட்டேன். கடைக்காரன், "கல்யாண பத்திரிகையா ஆன்ட்டிஜி?" என்றான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கிளப் வாசலில் நிற்பேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், அந்தத் தலைவரிடமும், ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். தமிழ் புரியாவிட்டால் பரவாயில்லை, தாளைப் படித்தால் புரியும்.

கையை நீட்டு.