எட்மன்டனுக்குப் போன பை

1.
இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் அருள்நாயகத்தின் வாய். (அருள்நாயகம் என்பது இதை எழுதுகிறவன்தான். "நான்" என்று எழுதினால் திட்டெல்லாம் நேரே தலையில் விழும். அதனால் ஒரு பெயரைக் குடையாகப் பிடித்திருக்கிறான்.)

1995 மார்ச், ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. "ரதி! நான் வாற கிழமை எட்மன்டன் போறன். உம்மடை மகனுக்கு ஏதும் குடுத்துவிடுறதெண்டால் தாரும்!" என்று மண்டபமே கேட்கக் கத்தினான்.

ரதியின் மகன் கஜீவன், விமானத்தில் நாலு மணித்தியாலம் போகவேண்டிய எட்மன்டனில் வேலை செய்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். ரதிதான் சொல்லியிருந்தாள். போகிறவரிடம் பார்சல் கொடுக்காத தாய் எங்களுக்குள் உண்டா? மறுநாள் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், ரதியின் வீட்டில் பை தயாராக இருந்தது: கறித்தூள், கம்பளிச் சொக்ஸ், பருத்தித்துறை வடை.

"விலாசம்?"

"அங்கை போய் இந்த நம்பருக்கு அடியுங்கோ அண்ணை. வந்து வாங்குவான்."

[பல்கனியில், பனிக்குள், ஒரு குசினிக் கதிரை. கதைக்குத் தேவையில்லை. வெட்டிவிடவும்.]

2.
எட்மன்டனில் அந்த நம்பருக்கு அடித்தால் எடுத்தது ஒரு கம்பளக் கடை. மூன்றாம் தடவை கடைக்காரர் "கஜீவன்" என்பதை எங்கள் ஆட்களைவிடத் திருத்தமாக உச்சரித்து, இல்லை என்றார். பை திரும்பி வந்தது. (வடை வரவில்லை. விமானத்தில் பசிக்கும்.)

3.
சிறைச்சாலை என்பது ஒரு சமூகத்தின்...

இல்லை. அருள்நாயகம் மாலை வகுப்பில் சமூகவியல் படிக்கிறான். இப்படித் தொடங்கிய கட்டுரைகளுக்கு அவனுக்குக் கிடைத்த புள்ளிகளைப் பற்றிப் பேச வேண்டாம்.

திரும்பும் விமானத்தில்தான் உறைத்தது. ரதியின் கட்டடத்தில் வேறு சிலரின் மகன்மாரும் எட்மன்டனில்தான். ஒருவனுக்கும் விலாசம் இல்லை. ஊரில் மறியல் என்போமே, அந்தச் சிறைக்கு இங்கே வைத்த பெயரோ எட்மன்டன்?

வகுப்பில் சொன்னார்கள்: ஒரே குற்றத்துக்கு இரண்டு பெடியன்கள் பிடிபடுகிறார்கள். ஒருவனின் தகப்பன் வீட்டைப் பிணை வைத்து அன்றே கூட்டிப்போகிறார். மற்றவனின் தாயிடம் இருப்பது ஒரு சோபா. வழக்கு வரும்வரை அவன் உள்ளே. சிறைகள் நிரம்பி வழிவது குற்றம் கூடியதால் மட்டுமல்ல, சோபா மட்டும் உள்ள வீடுகள் கூடியதாலும்தான்.

வகுப்பில் சொல்லாதது: உள்ளே போகிறவன் ஒருவன், எட்மன்டனுக்குக் குடிபோவது முழுக் குடும்பமும்.

4.
கதைக்கு வரக்கூடிய முடிவுகள்:

அ) "குடுத்திட்டன்" என்கிறான். "மெலிஞ்சிட்டானோ?" "சீ, கொழுத்திட்டான்." இருவரும் நிம்மதியாகப் பொய் குடிக்கிறார்கள். (அருள்நாயகத்துக்குப் பிடித்தது.)

ஆ) பையைக் கதவடியில் வைத்துவிட்டு ஓடுகிறான். லிஃப்ற் பழுது. பதினேழு மாடி. நீக்கப்பட்டது.

இ) மகன் எங்கே என்று கேட்கிறான். அதன்பிறகு ரதி எந்த விழாவுக்கும் வராமல் விடலாம். அவளுக்கு மிஞ்சியிருக்கும் சனமும் இல்லாமல் போகலாம்.

5.
ரதி தேத்தண்ணி ஊற்றினாள். பையைக் கிளறினாள்.

"வடை எங்கை அண்ணை?"

"எயார்போட்டிலை பிடிச்சு வைச்சிட்டாங்கள்."

"வடையையோ? ஏன், பிணை எடுக்க ஆளில்லையோ?"

சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. முதலில் அவள்தான் சிரித்தாள். கண் துடைக்குமளவு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அருள்நாயகம் கேட்டுவிட்டான்.

"பெடியன் எங்கை, ரதி?"

(முடிவை வாசகரிடம் விடுவதாக அவன் முன்பே எழுதிவைத்திருந்தான். ரதி விடவில்லை.)

"மறியலிலை, அண்ணை." பல்கனிக் கதவை இழுத்துத் திறந்தாள். "வாங்கோ, உந்தக் கதிரையிலை இருங்கோ. ஆத்துக்கு அங்காலை ஒரு பழைய கட்டடம் தெரியுதெல்லோ? அதுக்குள்ளைதான்."