எண்பது லிட்டர் தூரம்

ஆயிரம் அடிக்கு ஓட்டை போட்டும் தண்ணீர் வராத நிலங்களில்தான் பொன்னுத்துரை பணக்காரரானார். குஜிலியம்பாறைப் பக்கம் அவருக்கு போர் போடும் லாரிகள் மூன்று இருந்தன. தண்ணீர் வந்தால் ஒரு கிணற்றோடு வேலை முடிந்துவிடும். வராவிட்டால் பத்தடி தள்ளி இன்னொன்று போடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயதில் தண்ணீர்மேல் ஆசை வந்தது.

ஆலப்புழையில் படகு வீட்டுக்கு ஒரு நாள் வாடகை கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் காசுக்குச் சொந்தமாக ஒரு படகு செய்து வருசா வருசம் குடும்பத்தோடு கொச்சி, கோவா என்று போய் வரலாம் என்று கணக்குப் போட்டார். செய்து தர ஆளும் வீட்டிலேயே இருந்தது. அவருடைய தங்கை மகள் புவனேஸ்வரி கொச்சியில் கப்பல், படகு வடிவமைக்கும் படிப்புப் படித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஏறி என்ன? இரண்டு வருடமாக வேலை இல்லை. ஒரு கம்பெனியில் படகுத்துறையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்றார்கள். கட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டாள். அந்த வேலையும் போயிற்று.

கடைசியாகக் கொச்சியில் சின்னதாகப் படகு செய்யும் ஒருவர்தான் நியாயமாகப் பேசினார். வரைபடம் எல்லாரும் கொண்டுவருகிறார்கள். நீ வரைந்த படகை நீயே ஓட்டிக்கொண்டு இருநூறு கடல் மைல் வா. மணிக்கு மணி எழுதிய டீசல் கணக்கைக் காட்டு. மறுநாளே வேலைக்குச் சேர் என்றார். மாமாவிடம் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். தூத்துக்குடியிலிருந்து குமரி முனை சுற்றிக் கொச்சிக்கு முதல் ஓட்டம் அவளுடையது. பொன்னுத்துரையும் தங்கை முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தார்.

செம்பட்டி ரோட்டில் பைபரில் தண்ணீர்த் தொட்டி செய்யும் சேவியரின் கொட்டகையில் படகு வளர்ந்தது. நாற்பதடி நீளம், ஏழடி அகலம், இருபத்தேழு குதிரைச் சக்தி டீசல் எஞ்சின். சேவியருக்கு வேலை சுலபமாகப் புரிந்தது. “தொட்டின்னா தண்ணி உள்ள நிக்கணும். இதுக்கு வெளிய நிக்கணும். அம்புட்டுத்தானே பாப்பா?” என்றார். அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்கள் இதைச் சொல்ல ஒரு பருவம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒல்லியாக, நீளமாக, எடையில்லாமல் செய், மெதுவாக ஓட்டு. செலவில்லாமல் தூரம் போக வேறு ரகசியம் கிடையாது. டீசலைக் குடிப்பது அவசரமும் பாரமும்தான். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் எண்பது லிட்டரில் கொச்சி என்பது புவனேஸ்வரியின் கணக்கு. மாமா மகன் முகேஷ்குமார் இதைக் கேட்டுவிட்டு, “எங்க ரிக் லாரி ரிவர்ஸ்லயே அம்புட்டு போகும்” என்றான். கடை கடையாக இதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு தூத்துக்குடித் தண்ணீரில் இறங்கியது. பின்னாலேயே இரண்டு வேனில் சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். சக்கரம் இல்லாததால் கொஞ்ச நேரம் குழப்பம் நிலவியது. பிறகு ஆளுக்கொரு பக்கம் கட்டித் தொங்கவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் புவனேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அடுத்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு அண்டா, இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு சிப்பம் அரிசி, ஜெனரேட்டர், பாட்டுப் பெட்டி, மெத்தைகள். கொச்சியில் ஓட்டல் வைத்திருக்கும் சம்பந்திக்கு நாலு மூட்டை நத்தம் புளி. எதற்கு என்று கேட்டால் அத்தை பேச்சாயியிடம் ஒரே பதில்தான் இருந்தது. வண்டி சும்மாதானே போகுது.

படகின் உடம்பில் ஒரு சிவப்புக் கோடு வரைந்து வைத்திருந்தாள். தண்ணீர் அதைத் தொடக் கூடாது. ஏற்றிய சாமான்களின் எடையை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கோடு இரண்டு விரல் மூழ்கியிருக்க வேண்டும். நாலு விரல் மூழ்கியிருந்தது.

“மாமா, அடியில என்ன வச்சிருக்கீங்க?”

“ராடுதான். போர் ராடு, ஆறே ஆறு. வெறும் வண்டி தூக்கிப் போடும் தாயி. பாரம் இருந்தாத்தான் ரோட்டுல உக்காரும்.”

“இது ரோடு இல்ல மாமா.”

“முப்பது வருசமா தண்ணி தேடுறவன் நானு. தண்ணியப் பத்தி எனக்குச் சொல்லித் தாரியா?”

தேடியது உண்மைதான். கண்டுபிடித்தது எத்தனை என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. அவர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். துறைமுக அனுமதிச் சீட்டில் ஓட்டுநர் என்று அவள் பெயர் இருந்தது, ஆள் ஆறுக்கு மேல் கூடாது என்றும் இருந்தது. ஓட்டும் சான்றிதழ் அவளிடம் மட்டும்தான் உண்டு. அதனால் மாமா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதிகாரிகள் கண்ணில் படும் தூரம் வரை அவள் ஓட்ட வேண்டும். அதைத் தாண்டியதும், பேசி வைத்திருக்கும் நாட்டுப்படகு ஒன்று பக்கத்தில் வரும். அவள் அதில் ஏறிக் கரைக்குத் திரும்ப வேண்டும். முகேஷ்குமார் ஓட்டுவான்.

“அவன்தான் ஹெவி லைசென்ஸ் வச்சிருக்கான்ல. பொம்பளப் புள்ள கடல்ல ராத்திரி தங்கினான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா உங்கம்மா என்னையத்தான் கேப்பா. நீ வேன்ல கொச்சிக்கு வந்துரு. போன்லயே சொல்லு, இப்படித் திருப்பு அப்படித் திருப்புன்னு.”

“சத்தியம் பண்ணீங்களே மாமா.”

“அதான் மொத ஓட்டம் தாரேங்கிறேன்ல. ரெண்டு மைலுன்னாலும் மொத ஓட்டம் மொத ஓட்டம்தான்.”

அவள் குனிந்து சிவப்புக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று தெரிந்தவர் அங்கே சேவியர் ஒருவர்தான். அவர் மெதுவாகப் படகுப் பக்கம் நகர்ந்தார்.

கிடா வெட்டியாயிற்று. கரையோரத் தென்னங்கீற்றுப் பந்தலில் இலை போட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு கட்டு உண்டு. குலசாமிக்கு வெட்டிய கறியைச் சாப்பிட உட்கார்ந்தால், பந்தி முடிகிற வரை யாரும் இலையை விட்டு எழக் கூடாது. பொன்னுத்துரையின் சித்தப்பா ஒருமுறை பாதியில் எழுந்தாராம், அந்த வருசமே அவருடைய லாரி குடை சாய்ந்ததாம். முதல் பந்தி ஆண்களுக்கு. பரிமாறப் பெண்கள். புவனேஸ்வரி கையில் கறி வாளியைக் கொடுத்தார்கள்.

வாளியோடு பந்தல் வரை வந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்: மாமா, முகேஷ்குமார், சம்பந்திகள், பங்காளிகள். எல்லாருக்கும் இலையில் சோறும் குழம்பும் விழுந்துவிட்டன, மாமா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டார். அவள் வாளியை அத்தையின் காலடியில் வைத்தாள். வெளியே வந்து, நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்த சுமைக்காரர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. ராடு ஆறும் முதலில் இறங்கின. அடுத்து சிலிண்டர், ஜெனரேட்டர், அண்டா. புளி மூட்டைகள் நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னாள். புளி என்ன பாவம் செய்தது? உள்ளே இரண்டாவது சோறு முடிந்து ரசம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பந்தலுக்குள் போனாள்.

“மாமா, நான் கெளம்புறேன்.”

“எங்க தாயி?”

“கொச்சிக்கு. சேவியர் அண்ணன் கூட வர்றாரு. சீட்டுல என் பேருதான் இருக்கு.”

பொன்னுத்துரை சிரித்தார். பிறகு பந்தல் இடுக்கு வழியாகக் கரையில் அடுக்கியிருந்த ராடுகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எழப் போனவரின் தொடையைப் பக்கத்திலிருந்த பங்காளி அழுத்திப் பிடித்தார். முகேஷ்குமாரின் தோளை அத்தையே பிடித்து உட்கார வைத்தாள்.

“ஏலே, இலையில இருந்து எந்திரிச்சுராத. லாரி மூணு ஓடுது” என்று பொன்னுத்துரை மகனை அதட்டினார்.

“அப்பா, படகு போகுதுப்பா.”

“போனாப் போகுது, உக்காருலே. இன்னும் தயிரு வரல.”

அவ்வளவு பெரிய மனிதர்கள் இருபது பேர், எச்சில் கையோடு, அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஓடவில்லை. ஓட வேண்டிய தேவையும் இல்லை.

சேவியர் கயிற்றை அவிழ்த்தார். கடல் அவருக்கு வேளாங்கண்ணியில் முழங்கால் அளவுக்குத்தான் பழக்கம். துறைமுக வாயைத் தாண்டியதும் சிலுவை போட்டுக்கொண்டார், பத்து நிமிடத்தில் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார், பிறகு நிமிர்ந்து தொட்டி ஒழுகவில்லை என்று திருப்தியாகச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. தயிர் முடிந்திருக்க வேண்டும். பொன்னுத்துரை மூச்சு வாங்கத் திட்டினார். வீட்டுப் பக்கம் வராதே என்றார், உங்கம்மாவை வைத்துப் பேசிக்கொள்கிறேன் என்றார். அவள் கேட்டுக்கொண்டே டீசல் அளவைப் பார்த்தாள். கடைசியில் அவர் குரல் தாழ்ந்தது.

“எம்புட்டு குடிச்சிருக்கு?”

“ரெண்டரை லிட்டர்.”

அப்புறம் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் யாரிடமோ பேசுவது தெளிவாகக் கேட்டது. “நாந்தேன் போயிட்டு வான்னு அனுப்பி வச்சேன். ட்ரையல் பாக்கணும்ல. மணிக்கு ரெண்டரை லிட்டருதான்யா குடிக்குது. எல்லாம் நாம சொன்ன டிசைன்.”

புவனேஸ்வரி போனை அணைத்தாள். குறிப்பேட்டில் மணி, தூரம், இரண்டரை என்று எழுதினாள். ஓட்டுநர் என்ற கட்டத்தில் தன் பெயரை இன்ஷியலோடு, பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினாள். இன்னும் முப்பது மணி நேரம் இருந்தது.