மணலுக்குள் போன படிகள்

கடற்கரையில் வேலி போட வந்த பொறியாளர் வரைபடத்தை விரித்தார். "இங்க வழின்னு எதுவுமே இல்லைங்கம்மா. வெறும் மணல்மேடுதான்."

"இருக்கு தம்பி. அடியில கல்லுப்படி இருக்கு. பெரிய புயல்ல மூடிப்போச்சு."

முப்பத்தொரு வருடம் அந்த ஊரில் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவள் அவள், ஊருக்கே தபாலக்கா. வேலி வந்தால் படகுக்காரர்கள் மூன்று கிலோமீட்டர் சுற்றித்தான் கடலுக்குப் போக வேண்டும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. வரைபடத்துல ஏத்திடறேன்" என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பினாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவளுடைய உடன்பிறந்த தம்பி வழிமறித்தான். "அறுபத்துமூணு வயசுல இது உனக்குத் தேவையாக்கா?"

"வர்றதுன்னா வா. இல்லைன்னா வழிய விடு."

இரண்டு நாள் மணல்மேட்டின் உச்சியில் தோண்டினாள். உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். "என்ன தபாலக்கா, விலாசம் தப்பா?" என்று படகுக்காரர் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சிறுமியாக அந்த மேல்படியில் நின்றது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் தெரியாது. ஐஸ் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி அதை அப்படியே மறைத்துவிடும். தொழிற்சாலை போய்விட்டது. தொட்டி நின்ற மேடை மட்டும் இன்னும் இருக்கிறது. காற்றுக்கு இடம் மாறுகிற மணல்மேட்டை நம்பியது தன் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை காலை கலங்கரை விளக்கத்தையும் அந்த மேடையையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக் கடலை நோக்கி நடந்தாள். கெட்டித் தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், பழைய குழியிலிருந்து நாற்பதடி தள்ளி நின்றாள். திரும்பிப் பார்த்தால், கடையைப் பூட்டிவிட்டுத் தம்பியும் மண்வெட்டியோடு நின்றான்.

"மேல்படியில ஒரு மூலை உடைஞ்சிருக்கும்க்கா. அதுல விழுந்துதான் என் பல்லு போச்சு."

உச்சிவெயிலில் 'ணங்' என்றது. இருவரும் மண்டியிட்டுக் கையாலேயே மணலை வாரினார்கள். மூலை உடைந்த கல். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அன்று கேலி செய்த படகுக்காரர்களும் துடுப்பும் வாளியுமாக ஓடி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பொறியாளர் எண்ணிக்கொண்டே இறங்கினார். பதினோரு படி.

"சரிங்கம்மா, வேலியில இங்க ஆறடி அகலத்துக்கு ஒரு கேட் வச்சிடலாம்."

"எட்டடி வேணும். படகத் தூக்கிட்டுப் போறவங்க தோள் இடிக்கக் கூடாது."

அவர் ஆறை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, எழுதியது சரிதானா என்று உறுதிசெய்துகொண்டாள்.