டேங்க் நிழலில் ஒரு பூ

ஐயப்பன்தாங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரெனிதாவின் போன் அடித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராகவன்.

“மேடம், தண்ணிய யூஸ் பண்ணாதீங்க. மொட்டை மாடி டேங்குல எலி செத்துக் கெடக்கு போல. ஒரே நாத்தம். ஏகாம்பரத்தைப் பினாயிலோட அனுப்பியிருக்கேன்.”

ரெனிதா குடியிருப்பை நோக்கி ஓடினாள். டேங்க் நிழலில் அவளுடைய செடித் தொட்டி இருந்தது.

கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் அவள், ஒரு பாறைச் சரிவிலிருந்து எடுத்துவந்த கிழங்கு அதில் புதைந்திருந்தது. சேனைக்கிழங்கின் சொந்தம். இதுவரை யாரும் விவரிக்காத இனமோ என்று அவளுக்குச் சந்தேகம். இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்தச் சொந்தத்தில் இலைகள் எல்லாம் ஒரே அச்சு. பூவைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதுவோ இலை காய்ந்து, தொட்டி வெறும் மண்ணாகக் கிடக்கும்போது திடீரென்று எழும். அழுகிய இறைச்சியாக நாறும். ஓரிரு நாளில் சரிந்துவிடும். அந்தச் சரிவைக் குவாரிக்காரர்கள் உடைத்துவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்து மிச்சம் இந்த ஒரு கிழங்குதான்.

லிப்டுக்குக் காத்திராமல் படியேறினாள். மாடியில் வாட்ச்மேன் ஏகாம்பரம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தொட்டிக்கு மேலே வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஊத்தாதீங்க!”

வாளி பாதியில் நின்றது. “இன்னா மேடம், இதான் நாறிக்கினு கீது! டேங்க் பூரா கைய வுட்டுத் துழாவினேன். எலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

“இது பூ, அண்ணே.”

“பூவா?” துண்டை இறக்கிப் பார்த்து, உடனே ஏற்றிக்கொண்டார். “இத எந்த சாமிக்கும்மா வெக்கிறது?”

ரெனிதா மண்டியிட்டாள். கருஞ்சிவப்பு மடலைப் படமெடுத்து, அளந்து, பிளேடால் அறுத்து விலக்கினாள்; உள்ளே குச்சியைச் சுற்றிப் பொடிப் பொடிப் பூக்கள். இதன் நெருங்கிய உறவுகளில் சூற்பைக்கும் சூலகமுடிக்கும் நடுவே சின்னத் தண்டு உண்டு. லென்ஸில் பார்த்தாள். தண்டே இல்லை, முடி நேராகச் சூற்பைமேல் உட்கார்ந்திருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். “புது இனம்தான் அண்ணே, இதுக்கு இன்னும் பேரே கிடையாது” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

படிக்கட்டிலிருந்து ராகவன் தலை நீண்டது. “மேடம், தண்ணி?”

“சுத்தமா இருக்கு சார், அண்ணன் கைய விட்டுத் துழாவிப் பார்த்துட்டாரு. நாத்தம் என் செடியோடது.”

“அப்பாடா!” என்றவர் முகம் மாறியது. “ஏகாம்பரம் கைய விட்டாரே, அதுக்கு என்ன பண்றது?”

அவர் இறங்கிப் போனதும் ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு இன்னா பேரு வெப்ப மேடம்? செகரட்டரி பேர வெச்சுடு. பொருத்தமா கீது.”

சிரித்துக்கொண்டே பூவை ஸ்பிரிட் பாட்டிலில் இறக்கினாள். பிறகு தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கிழங்கு கெட்டியாக இருந்தது.